கடல் தாண்டிச் சித்தாள் வேலை: வெளிநாட்டில் வீடு கட்டப் போகும் குழு அறிய வேண்டியவை

சிங்கப்பூர் ஹார்பர்ஃபிரண்ட் படகு முனையத்தில் காலை 8 மணிக்கு ஏறினால், இந்தோனீசியாவின் பாத்தாம் தீவில் பாத்தாம் சென்டர் துறையில் இறங்கும்போதும் அந்த ஊர்க் கடிகாரம் ஏறக்குறைய 8 மணியைத்தான் காட்டும். பயணம் ஒரு மணி நேரம். பாத்தாமின் நேரமோ சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் வீடு கட்டும் தொண்டூழியத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பலருக்கும் பாத்தாம் முதல் ஊராக அமைகிறது. வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு மாலை திரும்பிவிடலாம். அந்த வசதியே ஒரு தப்பெண்ணத்தையும் வளர்த்துவிடுகிறது: மூன்று நாளில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று.

முடியாது. எளிய கல் வீடானாலும் கடைக்கால் தோண்டியதிலிருந்து கூரை ஏறும்வரை பல வாரம் பிடிக்கும். சிமெண்ட் இறுகும் நாள்களை எத்தனை பேர் கூடினாலும் குறைக்க இயலாது. குழு செய்வது, உள்ளூர்க் கொத்தனார் கட்டுகிற வீட்டில் சில நாள் சித்தாள் வேலை. கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, சாந்து குழைப்பது, கம்பி கட்டுவது, கொத்தனார் பிடித்த நூலுக்குக் கல் வைப்பது. இந்தோனீசியாவில் கொத்தனாரைத் துக்காங் என்பார்கள், கையாளைக் கெனெக் என்பார்கள். தான் கெனெக் என்று தெரிந்து போகும் குழு அந்த வீட்டுக்கு உதவுகிறது. கட்டடக்காரராகத் தன்னை நினைத்துப் போகும் குழு கொத்தனாருக்கு இரட்டை வேலை வைக்கிறது. குழு கிளம்பிய பிறகு அவர் சுவரை இடித்துத் திரும்பக் கட்ட நேர்கிறது.

இந்த வகைத் தொண்டின் வேர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. கிளாரன்ஸ் ஜோர்டன் முதலானோர் 1942-ல் தொடங்கிய கொய்னோனியா பண்ணையில்தான், லாபமும் வட்டியும் இல்லாமல் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் யோசனை 1960களின் கடைசியில் உருவானது. அதை எடுத்துக்கொண்டு மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976-ல் ஹேபிடேட் ஃபார் ஹியுமானிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1984-ல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நியூயார்க்கில் சுத்தியல் பிடித்தபோது அது பரவலாகத் தெரியவந்தது. அதன் சிங்கப்பூர்க் கிளை 2004-ல் வந்தது. 2000-ல் இங்கே தொடங்கிய யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட் வழியாகவும் மாணவர் குழுக்கள் அண்டை நாடுகளுக்குப் போய்வந்தன. வீடு பெறும் குடும்பம் கைநீட்டி வாங்கும் குடும்பம் அல்ல, தானும் வேலை செய்து, முடிந்ததைத் திருப்பியும் செலுத்துகிற பங்காளி என்பது அந்த முதல் யோசனையிலேயே இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் களத்தில் எழும் பல கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

தேதி குறிக்கும்போதே நடக்கும் தவறு

பள்ளி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரை. பெரும்பாலான குழுக்கள் அப்போதுதான் கிளம்பப் பார்க்கின்றன. பாத்தாமுக்கும் சிங்கப்பூருக்கும் வானம் ஒன்றுதான்; வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை. காலை குழைத்த சாந்து மதிய மழையில் கரைந்தோடும். புதிதாக வார்த்த தூணின் தலையைத் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் மேல்பகுதியில் சிமெண்ட் கழுவப்பட்டு ஜல்லி பல்லிளிக்கும். பாத்தாமுக்கு ஜூன் விடுமுறை மேலானது. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வருவதுண்டு. வேலை தொடங்கும் நேரத்துக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புகைமூட்டத்துக்கு வாய்ப்பு இருக்கிறது.

டிசம்பரை விட்டால் வழியில்லை என்றால் கம்போடியாவைப் பாருங்கள். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், அதன் பிறகு வறண்ட காலம். பிலிப்பீன்சில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிகள் அதிகம்.

இன்னொன்று. பாத்தாமில் கொத்தனார்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குக் களம் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓய்ந்திருக்கும். நோன்பு மாதத்தில் அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நிற்கும்போது அவர்கள் பக்கத்தில் நம் குழு வேலை பார்ப்பது இருதரப்புக்கும் சங்கடம். அந்த மாதத்தைத் தவிர்ப்பதே நல்லது.

வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான பயணத்தில் உண்மையான வேலை நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் படகு, குடிநுழைவு, பேருந்து, அறிமுகம் எல்லாம் போக 3 மணி நேரம். இரண்டாம் நாள் 6 அல்லது 7. மூன்றாம் நாள் 3. மொத்தம் 12, 13 மணி நேரந்தான். 16 பேர் என்றால் ஏறத்தாழ 200 ஆள்மணி. பழகாத கைகளின் 200 மணி நேரத்தில் என்ன ஆகும் என்பதை இனி வரும் அளவுகளோடு பொருத்திப் பார்த்தால் எதிர்பார்ப்பு சரியாகும்.

பணம், தாள்கள், காப்புறுதி

விமர்சகர்கள் கேட்பது நியாயமான கேள்வி: பயணச் செலவை அப்படியே அனுப்பினால் அங்கே ஒரு கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கிடைக்கும்? கை வலிமை மட்டும் கணக்கென்றால் பணம் அனுப்புவதே சரி. குழு போவதற்குப் பொருள் வருவது இரண்டு காரணங்களால். போகிறவர்கள் என்பதால்தான் அவர்களால் வீட்டுக்கான நிதியைத் திரட்ட முடிகிறது. போய்வந்தவர்கள் பல ஆண்டு தொடர்ந்து கொடுக்கிறார்கள். ஆகவே ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்க வேண்டியது தங்கும் விடுதியைப் பற்றியல்ல. ஒருவர் கட்டும் தொகையில் எத்தனை வெள்ளி வீட்டுப் பொருளுக்கும் கொத்தனார் கூலிக்கும் போகிறது, எத்தனை வெள்ளி படகு, பேருந்து, உணவு, விடுதிக்குப் போகிறது என்பதைத்தான். தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியாத அமைப்போடு போக வேண்டாம். குழு வந்ததால் அந்த வாரம் உள்ளூர்க் கூலியாள் யாருக்காவது வேலை போயிற்றா என்றும் கேளுங்கள். கொத்தனாருக்கும் அவருடைய கெனெக்குக்கும் அந்த நாள்களிலும் கூலி ஓட வேண்டும்.

வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவனங்களுக்கான ஆணையரின் அனுமதி தேவை. உண்டியல் குலுக்குவது, கோயில் வாசலில் மேசை போடுவது, இணையத்தில் பொது வேண்டுகோள் விடுப்பது எல்லாம் இதில் சேரும். விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுங்கள். உள்ளூர் நன்கொடைகளுக்குக் கிடைக்கும் 250 விழுக்காட்டு வரிக்கழிவை நினைத்து யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் வீடு கட்டும் பணத்துக்கு அது பொருந்தாது.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நம் குழுக்களில் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் எல்லாரும் கலந்திருப்பார்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா வேண்டாத நாட்டில் இந்தியக் கடப்பிதழுக்கு வேண்டியிருக்கலாம். ஒருவர் குடிநுழைவில் நின்றுவிட்டால் குழு முழுவதும் காத்து நிற்கும். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதியின் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுப்பயணியாக நுழைந்து உடலுழைப்பு செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை உள்ளூர் அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பயணக் காப்புறுதியின் சிறிய எழுத்துகளைத்தான் பலர் படிப்பதில்லை. உடலுழைப்பு, உயரத்தில் வேலை, மின்கருவி ஆகியவற்றால் வரும் காயத்துக்கு ஈடு கிடையாது என்று பல திட்டங்களில் இருக்கும். வீடு கட்டப் போகிறோம் என்று காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லி, ஈடு உண்டு என்று பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். தடுப்பூசியில் முதலில் பார்க்க வேண்டியது டெட்டனஸ். துருப்பிடித்த ஆணி களத்தில் எங்கும் கிடக்கும். கல்லீரல் அழற்சி ஏ, டைஃபாய்டு ஊசிகளைக் கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கு

இந்தோனீசியாவில் எளிய குடும்பத்துக்கான வீட்டைத் தீப்பே 36 என்பார்கள். 36 சதுர மீட்டர். பெரும்பாலும் 6 மீட்டருக்கு 6 மீட்டர். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடியான வீவக மூவறை வீட்டில் ஏறக்குறைய பாதி. வெளிச்சுவரின் சுற்றளவு 24 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 72 சதுர மீட்டர் சுவர். கதவு, சன்னலுக்கு 10 கழித்தால் 62. அங்கே பரவலாகக் கிடைக்கும் பத்தாக்கோ என்ற கான்கிரீட் கல், இணைப்புச் சாந்தையும் சேர்த்து 40 சென்டிமீட்டர் நீளம், 20 உயரம் என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 12.5 கல். ஆக 775 கல். உடைசலுக்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் ஏறத்தாழ 815. உட்சுவர் தனி.

ஒரு கல் ஏறத்தாழ 10 கிலோ. லாரி வீட்டு வாசல்வரை வராது. சந்து முனையில் கொட்டிவிட்டுப் போகும். எனவே குழு முதல் நாள் செய்வது 8 டன் கல்லைக் கைமாற்றுவதுதான். சங்கிலியாக நிற்கும்போது எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்காமல் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிராக நிற்க வேண்டும். அப்போது இடுப்பைத் திருப்பாமல் கல் கைமாறும். வீசிப் பிடிப்பது வேண்டவே வேண்டாம், விரல் நசுங்குவது அங்கேதான். கல்லை வீட்டைச் சுற்றி நாலைந்து இடத்தில் பிரித்து அடுக்குங்கள், ஒரே குவியலாக வேண்டாம். மறுநாள் கொத்தனாரின் நடை பாதியாகக் குறையும்.

கொத்தனாரும் கையாளும் சேர்ந்தால் ஒரு நாளில் 100 முதல் 120 கல் வைப்பார்கள். 16 பேர் இருக்கிறோமே, மூன்று மடங்கு வைக்கலாமே என்று தோன்றும். முடியாததற்கு ஆள் பற்றாக்குறை காரணம் அல்ல. ஈரச் சாந்தின் மேல் ஒரே நாளில் 1.2 முதல் 1.5 மீட்டருக்கு மேல் சுவர் எழுப்பினால் மேல்கல்லின் பாரம் கீழ் இணைப்பைப் பிதுக்கும். சுவர் தொந்தி தள்ளும். அதாவது ஒரு நாளைக்கு ஆறேழு வரி. அதற்கு மேல் ஏற்றச் சொல்லும் குழுவுக்குக் கொத்தனார் மரியாதைக்காகத் தலையாட்டக்கூடும். அவரிடம் அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் நல்லது.

சாந்து

கல் கட்ட ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். 62 சதுர மீட்டர் சுவரின் இணைப்புகளுக்கு மட்டும் 50 கிலோ மூட்டை ஏழெட்டு ஆகும். மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: இந்தோனீசியாவில் 40 கிலோ மூட்டையும் புழக்கத்தில் உண்டு. 50 என்று நினைத்து 40-க்கு மணல் போட்டால் கலவையில் சிமெண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும்.

அளக்க வேண்டியது வாளியால், மண்வெட்டியால் அல்ல. ஈர மணல் மண்வெட்டியில் குவிந்து நிற்கும். சிமெண்ட் வழிந்து விழும். நாலு வெட்டு, ஒரு வெட்டு என்று எண்ணினால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு மாதிரி வரும். 50 கிலோ சிமெண்ட் ஏறத்தாழ 35 லிட்டர். 10 லிட்டர் வாளியில் மூன்றரை வாளி சிமெண்டுக்குப் பதினான்கு வாளி மணல். மழை பெய்த மறுநாள் மணல் ஈரத்தால் உப்பியிருக்கும். நூற்றுக்கு 20, 25 கூட உப்பும். அன்றைக்கு வாளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று கொத்தனார் சொல்வார். அவர் கண்ணளவை நம்புங்கள்.

மணலைப் பற்றி இரண்டு சொல். தீவில் கடல் மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். அதைத் தொடவே கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். வாங்கிய மணலில் சேறு எவ்வளவு என்று பார்க்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். பாதிக்கு மணல், மீதிக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மணலுக்கு மேல் சேறு தனி அடுக்காக நிற்கும். மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை அந்த அடுக்கு நெருங்கினால் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது.

தண்ணீர் விடுவதற்கு முன் சிமெண்டையும் மணலையும் நிறம் ஒன்றாகும்வரை மூன்று முறை புரட்டிப் போட வேண்டும். பழகாத கைகள் முதலிலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிமெண்ட் உருண்டைகளோடு மல்லுக்கட்டுகின்றன. கரணையில் அள்ளிக் குப்புறச் சாய்த்தால் ஒரு நொடி ஒட்டி நின்று பிறகு விழும் சாந்துதான் பதம். உடனே வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. 32 பாகை வெயிலில் குழைத்த சாந்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் ஆயுள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் முழு மூட்டையையும் குழைத்துவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. திரும்பி வந்து தண்ணீர் தெளித்து இளக்கிப் பயன்படுத்துவார்கள்; பார்வைக்குப் பதமாகத் தெரியும். ஆனால் இறுகத் தொடங்கிய சிமெண்டை உடைத்தால் அது திரும்பப் பிடிப்பதில்லை. அந்தச் சாந்தைத் தரை நிரப்பக் கொட்டிவிட வேண்டும்.

கல் வைக்கும்போது படுக்கை இணைப்பில் எல்லாரும் தாராளமாகச் சாந்து போடுவார்கள். நிற்கும் இணைப்பு காலியாக இருக்கும். கல்லின் பக்கவாட்டில் சாந்தைத் தடவி, முந்தைய கல்லோடு அழுத்தித் தள்ள வேண்டும். மேல் வரிக் கல்லின் நடு, கீழ் வரி இணைப்பின் மேல் உட்கார வேண்டும். நூலைக் கல் தொடக் கூடாது; ஒரு நகக்கண் இடைவெளி இருக்கட்டும். ஒரு கல் நூலைத் தள்ளினால் அந்த வரி முழுவதும் வளையும். ரசமட்டத்தைக் கல்லுக்குக் கல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைவிட நூலையும் தூக்குக்குண்டையும் நம்புவது மேல். தமிழ்நாட்டுச் செங்கல் வேலை தெரிந்தவர்கள் கல்லைத் தண்ணீரில் ஊறப்போடப் பார்ப்பார்கள். சுட்ட செங்கல்லுக்கு அது சரி. கான்கிரீட் கல்லை ஊறவைத்தால் உலரும்போது சுருங்கி விரிசல் விடும். மேலாக ஈரம் காட்டினால் போதும்.

கம்பியில் ஒரு வளைவு

2006 மே 27 அன்று யோக்யகர்த்தா நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை தூணும் விட்டமும் இல்லாமல் கல்லை மட்டும் நம்பி நின்ற வீடுகள். இந்தோனீசிய எளிய வீட்டுக்கான விதிகள் வலியுறுத்துவது இதைத்தான்: சுவருக்கு அடியில் ஒரு தரைவிட்டம், மூலைகளிலும் ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒன்றாகவும் சிறு தூண், சுவர் தலையில் சுற்றி ஒரு வளைய விட்டம். சுவரை நான்கு பக்கமும் சட்டம் போட்டுப் பிடித்தது போல. சுலோப், கோலோம், ரிங் பாலோக் என்று களத்தில் கூப்பிடுவார்கள். பாத்தாமில் நிலநடுக்க ஆபத்து குறைவுதான். ஆனாலும் முறை ஒன்றே.

15-க்கு 15 சென்டிமீட்டர் தூணுக்கு 10 மில்லிமீட்டர் கம்பி நான்கு; அவற்றைச் சுற்றி 8 மில்லிமீட்டர் ரிங், 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. 3 மீட்டர் தூணுக்கு ஏறத்தாழ 20 ரிங். 6-க்கு 6 மீட்டர் வீட்டில் 9 தூண் என்றால் 180 ரிங். இதை வளைப்பதும் கட்டுவதும் குழு கற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலை. ஆணி அடித்த மரப்பலகையும் ஒரு வளைப்புக் கம்பியும் போதும். கண் வைக்க வேண்டிய இடம் ரிங்கின் கொக்கி. முனையை 90 பாகையில் மடக்கி நிறுத்துவது எளிது. குலுக்கல் வந்தால் அது விரிந்து கொடுத்துவிடும். 135 பாகைக்கு, தூணின் உள்நோக்கி, விரல் நீளம் மடங்கியிருக்க வேண்டும். அடுத்தடுத்த ரிங்குகளின் கொக்கிகள் ஒரே மூலையில் வரக் கூடாது. மூலை மாற்றி மாற்றி வர வேண்டும். கான்கிரீட் வார்த்த பிறகு இதை யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் கட்டும்போது ஒருவர் கட்ட, இன்னொருவர் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டுக்கம்பியை முறுக்குவதைக் கிளம்புவதற்கு முன்பே பழகலாம். ஓர் அடிக் கம்பித் துண்டு இரண்டு, கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு குறடு. நம் அடுக்குமாடிகளைக் கட்டியவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்பி வேலைக்காரர்கள். பழக்கமுள்ள ஓர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால், களத்தில் குழு ஒரு நாளை மிச்சப்படுத்தும். அவருக்கு அந்த நேரத்துக்கான கூலியையும் மனமாரக் கொடுங்கள்.

தூணுக்குக் கான்கிரீட் 1:2:3. சிமெண்ட், மணல், ஜல்லி. ஒரு தூணுக்கு 67 லிட்டர் கான்கிரீட், அரை மூட்டை சிமெண்ட், ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீர். ஊற்ற எளிதாக இருக்கட்டும் என்று இன்னொரு வாளி தண்ணீர் சேர்ப்பது தூணின் உயிரை எடுப்பதற்குச் சமம். இளக்கமாக இருப்பதை ஊற்றாமல், பதமாக இருப்பதை முழம் முழமாகப் போட்டு, கம்பியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். குத்தாமல் விட்டால் பலகை பிரிக்கும்போது தேன்கூடு போல ஓட்டை தெரியும், கம்பி வெளியே தலைகாட்டும்.

கம்போடியாவில் கதை வேறு. கிராமத்து வீடு கால்கள் மேல் நிற்கும். சட்டத்தை உள்ளூர் ஆசாரிகள் முன்பே நிறுத்திவிடுவார்கள். குழு மூங்கில் தரையையும் தகரச் சுவரையும் ஆணி அடிக்கும். மூங்கிலின் முனையில் நேரே அடித்தால் பிளக்கும், துளை போட்டு அடிக்க வேண்டும். கூரைத் தகரத்தில் ஆணி மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் மழைநீர் ஓடும். வெட்டிய தகரத்தின் ஓரம் கத்தி. தடித்த கையுறை இல்லாமல் தூக்கக் கூடாது.

குழு கைவைக்கக் கூடாதவை

சுவர் பூச்சைப் பார்த்தால் எளிதாகத் தெரியும். பழகாத கை பூசியது ஒரு மழைக்காலத்தில் பொத்தென்று விழும். அதைத் துக்காங்கிடம் விட்டுவிட்டுச் சாந்து எடுத்துக் கொடுங்கள். கூரை ஏறுவதும் மின்கம்பி இழுப்பதும் அப்படியே.

வண்ணம் அடிப்பதுதான் குழுக்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை. படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் புதுப் பூச்சு உலர்ந்து காரம் அடங்க நாலு வாரமாவது வேண்டும். அதே வாரத்தில் அடித்த வண்ணம் கொப்பளித்து உரியும். அந்தக் குடும்பம் சில மாதத்தில் தன் காசில் திரும்ப அடிக்க வேண்டிவரும். குழுவுக்குக் கடைசி நாளில் ஏதாவது முடித்த உணர்வு வேண்டும் என்பதற்காக ஏற்பாட்டாளர் தூரிகையை நீட்டினால், பூச்சு எப்போது முடிந்தது என்று கேளுங்கள்.

உடம்பு

வெயிலில் வேலை செய்பவர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கால் லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். மணிக்கு முக்கால் லிட்டர். 16 பேருக்கு 6 மணி நேரத்துக்கு 72 லிட்டர். இந்தோனீசியாவில் காலோன் என்று விற்கும் 19 லிட்டர்க் கலன் நான்கு. கொத்தனாருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஆறு வாங்குங்கள். குழைப்பவர், சுமப்பவர் அரை மணிக்கு ஒருமுறை மாற வேண்டும். இருவர் எப்போதும் நிழலில் இருக்கும்படி முறை வைத்தால் யாரும் வெட்கப்பட்டு உட்காராமல் இருக்கும் நிலை வராது.

வெயிலைவிட அதிகம் ஏமாற்றுவது சிமெண்ட். ஈரச் சிமெண்ட் கடும் காரம். படும்போது எரியாது. பூட்சுக்குள் போனதும் முட்டிபோட்ட இடத்தில் ஊறியதும் தெரியாமல் மாலை வரை வேலை செய்வார்கள். இரவு தோல் சிவந்து, மறுநாள் புண்ணாகும். துணிக் கையுறை அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், ஆகவே ரப்பர் கையுறைதான். பட்டால் உடனே ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் கழுவ வேண்டும். மூட்டை பிரிக்கும்போதும் சலிக்கும்போதும் என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். ஆணி ஏறாத அடிப்பாகம் உள்ள பூட்சு எல்லாருக்கும். ஓட்டப்பந்தயக் காலணி போதாது.

அந்தக் குடும்பமும் அந்த மண்ணும்

பாத்தாமில் நிலம் தனியார் சொத்தாக எளிதில் கைமாறுவதில்லை. பி.பி. பாத்தாம் என்ற அதிகார அமைப்பின் நிர்வாகத்தில் இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் எழுந்த குடியிருப்புகளை ரூமா லியார் என்பார்கள். எப்போது வேண்டுமானாலும் அகற்றப்படலாம். கம்போங் துவா எனப்படும் பழைய மலாய்க் கிராமங்களின் நிலை வேறு. எனவே நல்ல சுவரைவிட முதலில் வேண்டியது, அந்தக் குடும்பம் அங்கே இருக்க உரிமை இருக்கிறது என்பதற்கான தாள். அதைச் சரிபார்த்துத்தான் வீடு தொடங்கினார்களா, குடும்பத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஏற்பாட்டாளர் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் தேர்வை நியாயமானது என்று ஏற்காவிட்டால், வீடு வந்தும் அந்தக் குடும்பம் தனியாகிவிடும்.

களத்தில் பேச மலாய் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். நமக்குப் பாதிச் சொற்கள் தெரிந்தவைதான். பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் பாசிர் மணல், ஆயர் ராஜாவின் ஆயர் தண்ணீர். கொத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பாக் என்று கூப்பிடுங்கள், வீட்டம்மாவை இபு. எதையும் வலக்கையால் கொடுத்து வாங்குங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் விநியோகிக்க வேண்டாம். சந்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் பெற்றோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பழைய குடிசையின் உட்புறத்தைப் படமெடுத்து நிதி வேண்டுகோளில் போடுவதற்கு அந்தக் குடும்பம் என்ன நினைக்கும் என்று யோசித்தால் பெரும்பாலான படங்கள் தேவைப்படாது.

வீட்டுக்காரர் நம்மோடு சேர்ந்து கல் சுமப்பார். அவர் அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்; அந்த இழப்பை ஈடுகட்ட அமைப்பு ஏதாவது செய்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். கடல் தாண்ட முடியாதவர்களுக்கு இங்கேயே வேலை உண்டு. ஹேபிடேட்டின் புராஜெக்ட் ஹோம்வொர்க்ஸ் தொண்டூழியர்கள், ஓரறை ஈரறை வாடகை வீடுகளில் தனியே வாழும் முதியவர்களின் வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள், மூட்டைப்பூச்சி ஒழிக்கிறார்கள்.

கடைசி நாள் மாலை கரணை, வாளி, மண்வெட்டி எல்லாவற்றையும் சாந்து காய்வதற்குள் கழுவிக் கொடுங்கள். அவை கொத்தனாரின் பிழைப்பு. மிச்சச் சிமெண்டைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி மூடுங்கள். பிறகு கொத்தனாரும் வீட்டம்மாவும் உடன் இருக்க, ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டுப் படகேறுங்கள்: வார்த்த தூண்களைச் சுற்றிக் கட்டிய ஈரச்சாக்கை அடுத்த ஏழு நாளும், காலையும் மாலையும், யார் நனைப்பது, அதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும். குழாய் இல்லாத சந்தில் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தால், அந்தப் பணத்தையும் வீட்டுச் செலவில் முன்பே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.